நோயோடு பலத்தையும் கேட்கும் சிகிச்சையாளர்

நேர்மறை உளவியல் என்று தமிழில் வழங்கும் பாசிட்டிவ் சைக்காலஜி, மனிதரிடம் எது பழுதுபட்டிருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், எது நன்றாக இயங்குகிறது, தம் வாழ்க்கை வாழத் தகுந்தது என்று ஒருவர் கருதுவதற்கு எவையெல்லாம் காரணமாகின்றன என்பவற்றையும் அறிவியல் முறையில் ஆராயும் துறையாகும். கடந்த கால் நூற்றாண்டில் இத்துறை பல்கலைக்கழகங்களை விட்டு வெளியேறி, ஆலோசனை மையங்களின் பெயர்ப்பலகைகளுக்கும் நிறுவனப் பயிற்சி வகுப்புகளுக்கும் கைபேசிச் செயலிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டதால், மனச்சோர்வோ பதற்றமோ ஆறாத துயரமோ தாங்காமல் உதவி தேடும் ஒருவரின் கண்ணில் 'நேர்மறை உளவியல் நிபுணர்' என்ற அறிவிப்பு எளிதில் படுகிறது. இந்த அறிவிப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நேர்மறை உளவியலைப் படித்தவருக்குப் பட்டம் கிடைக்கலாம், சான்றிதழும் கிடைக்கலாம். ஆனால் அந்தத் துறையின் பெயரால் நோயாளிக்குச் சிகிச்சையளிக்கும் உரிமம் என்று ஒன்று இந்தியாவிலும் இல்லை, அத்துறை வளர்ந்த அமெரிக்காவிலும் இல்லை. ஆகவே தேட வேண்டியவர் முதலில் தகுதியுள்ள ஓர் உளவியல் சிகிச்சையாளர். அவர் கையில் நேர்மறை உளவியலின் முறைகளும் இருக்கின்றனவா என்பது அதற்கு அடுத்த கேள்வி. வரிசை மாறினால் தேடல் தவறான இடத்தில் போய் முடியக்கூடும்.

இத்துறையின் தோற்றத்தை அறிந்தவருக்கு இந்த வரிசை ஏன் முக்கியம் என்பது விளங்கும். 'நேர்மறை உளவியல்' என்ற தொடரை ஆபிரகாம் மாஸ்லோ 1954-இலேயே தம் நூலொன்றில் பயன்படுத்தியிருந்தார் என்றாலும், அதை ஓர் ஆய்வு இயக்கமாக ஆக்கியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் செலிக்மன். வியப்பு என்னவென்றால், அவர் புகழ்பெற்றது மகிழ்ச்சியை ஆராய்ந்தல்ல, கையறுநிலையை ஆராய்ந்துதான். 1960-களின் பிற்பகுதியில் ஸ்டீவன் மேயருடன் சேர்ந்து அவர் நடத்திய சோதனைகளில், தப்ப வழியில்லாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு எளிதாகத் தப்பும் வழி திறந்திருந்தபோதும் முயலாமல் கிடந்தன. முயற்சியால் பயனில்லை என்று உயிர் ஒன்று கற்றுக்கொண்டுவிடுகிறது என்ற அந்த விளக்கம் மனச்சோர்வைப் பற்றிய முக்கியமான கோட்பாடுகளுள் ஒன்றாயிற்று. அரை நூற்றாண்டு கழித்து 2016-இல் அதே இருவரும் தம் முடிவைத் திருத்தி எழுதினார்கள்: நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவது மூளையின் இயல்பான எதிர்வினை என்றும், கற்றுக்கொள்ளப்படுவது நிலைமை தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதே என்றும் மூளை ஆய்வுகள் காட்டியதாக அவர்கள் கூறினர். தன் கொள்கையைத் தானே தலைகீழாகத் திருப்பிப் பார்க்கும் இந்தத் துணிவு, இத்துறையின் பெயரைச் சொல்லி மேடையேறுபவர்கள் பலரிடம் காணக் கிடைப்பதில்லை.

1998-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது செலிக்மன் முன்வைத்த வாதம் எளியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உளவியல் நோயைக் கண்டறிவதிலும் தீர்ப்பதிலும் பெரிதும் முன்னேறியது. ஆனால் அந்த முன்னேற்றத்தில், மனிதரின் ஆற்றல்களைப் பற்றிய ஆய்வு பின்தங்கிப் போயிற்று என்றார் அவர். 2000-ஆம் ஆண்டில் அவரும் மிஹாய் சிக்சென்மிஹாயும் சேர்ந்து அச்சங்கத்தின் ஆய்விதழில் இதற்கென ஒரு சிறப்பிதழைத் தொகுத்தார்கள். 2004-இல் கிறிஸ்டபர் பீட்டர்சனுடன் சேர்ந்து செலிக்மன் வெளியிட்ட பெருநூல், ஆர்வம், துணிவு, நேர்மை, பரிவு, நன்றியுணர்வு, நகைச்சுவை போன்ற 24 குணப் பலங்களை ஆறு அறங்களின் கீழ் வகைப்படுத்தியது. மனநோய்களை வகைப்படுத்தும் மருத்துவக் கையேடுகளுக்கு எதிர்ப்புறத்தில் வைக்கத் தக்க ஒரு கையேடு இது என்பதே ஆசிரியர்களின் எண்ணம்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு மயக்கம் எழுவது இயல்பு. தன்னம்பிக்கை நூல்கள் தமிழில் பெரும் வாசகர் கூட்டத்தைக் கொண்டவை, எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' ஒரு தலைமுறை இளைஞர்களின் கையில் இருந்த நூல். நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும் என்ற வகையிலான எழுத்து, அமெரிக்காவில் நார்மன் வின்சென்ட் பீல் 1952-இல் வெளியிட்ட நூலுக்குப் பின் உலகெங்கும் பரவிய மரபு. நேர்மறைச் சிந்தனை என்ற அந்த மரபும் நேர்மறை உளவியலும் பெயரில் நெருங்கியவை, வழியில் வேறானவை. முன்னது ஊக்கத்தைத் தருகிறது, சோதனை கேட்பதில்லை. பின்னதோ ஒரு பயிற்சியைச் சொன்னால், அதைச் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டு, பயன் எவ்வளவு, எத்தனை நாள் நிலைக்கிறது என்று அளந்து காட்டக் கடமைப்பட்டது. சான்றாக, 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வோர் இரவும் அன்று நன்றாக நடந்த மூன்று நிகழ்வுகளையும் அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் எழுதியவர்களிடம் மகிழ்ச்சி கூடியும் சோர்வு குறைந்தும் இருந்த நிலை ஆறு மாதம் வரை தொடர்ந்தது. நன்றிக் கடிதம் எழுதி உரியவரிடம் நேரில் படித்துக் காட்டியவர்களுக்கோ உடனடிப் பயன் மிகப் பெரிதாக இருந்து, சில மாதங்களில் தேய்ந்து போயிற்று. தன் பயிற்சி ஒன்று தேய்ந்து போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் ஆய்வுக்கும் ஊக்கப் பேச்சுக்கும் உள்ள இடைவெளி.

இத்தகைய பயிற்சிகள் சிகிச்சையாக வடிவம் பெற்றது 2006-இல். செலிக்மன், தயாப் ரஷீத், அக்கேசியா பார்க்ஸ் ஆகியோர் 'பாசிட்டிவ் சைக்கோதெரபி' என்ற முறையை மனச்சோர்வு உள்ளவர்களிடம் சோதித்து அவ்வாண்டில் வெளியிட்டார்கள். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரஷீத் அதை மேலும் வளர்த்து, சிகிச்சையாளர்களுக்கான கையேடாக 2018-இல் செலிக்மனோடு இணைந்து எழுதினார். (இதே பெயரில், ஈரானில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய மனநல மருத்துவர் நொஸ்ரத் பெஸெஷ்கியான் 1970-களிலேயே உருவாக்கிய வேறொரு முறையும் உண்டு, ஒரு சிகிச்சையாளர் எந்த மரபில் பயிற்சி பெற்றவர் என்று கேட்பதில் தவறில்லை.) ரஷீத்தின் கையேட்டில் அமர்வுகள் ஏறக்குறைய பதினைந்து. தொடக்கத்தில், தாம் மிகச் சிறப்பாக நடந்துகொண்ட ஒரு சந்தர்ப்பத்தைக் கதையாகச் சொல்லுமாறு வந்தவர் கேட்டுக்கொள்ளப்படுகிறார். அந்தக் கதையிலிருந்தும் வினாத்தாளிலிருந்தும் நெருங்கியவர்களின் சொற்களிலிருந்தும் அவருடைய பலங்கள் அடையாளம் காணப்படுகின்றன. நடுப்பகுதி கடினமானது: ஆறாத நினைவுகள், கசப்பு, மன்னிப்பு, நன்றி ஆகியவை அப்போதுதான் பேசப்படுகின்றன. இறுதிப் பகுதி உறவுகளையும், நல்ல அனுபவத்தை அவசரமின்றிச் சுவைப்பதையும், பிறருக்கு உதவுவதன் வழியாக வாழ்வுக்குக் கிடைக்கும் பொருளையும் நோக்கிச் செல்கிறது. இத்தாலியில் ஜியோவானி ஃபாவா வளர்த்த 'வெல்பீயிங் தெரபி' இதே இலக்கை வேறு வழியில் அணுகுகிறது: நன்றாக உணர்ந்த கணங்களை நோயாளி குறித்து வைக்கிறார், அந்தக் கணங்களைக் குறுக்கே வெட்டிய எண்ணம் எது என்று சிகிச்சையாளரோடு சேர்ந்து தேடுகிறார்.

இவற்றின் பயன் உண்மையானது, ஆனால் அளவானது. கட்டுப்படுத்தப்பட்ட 39 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி லிண்டா போலியரும் பிறரும் 2013-இல் வெளியிட்ட மதிப்பீடு, நல்வாழ்வு உயர்வதும் சோர்வு குறைவதும் காணப்படுவதாகவும், அவற்றின் அளவு சிறியதே என்றும் தெரிவித்தது. அதே ஆண்டு இத்துறைக்கு ஒரு பலத்த அடியும் விழுந்தது. நேர்மறை உணர்வுகளும் எதிர்மறை உணர்வுகளும் 2.9-க்கு 1 என்ற விகிதத்தைத் தாண்டினால் வாழ்வு மலரும் என்று கணிதச் சமன்பாடுகளோடு 2005-இல் சொல்லப்பட்டு, பயிற்சி வகுப்புகளில் வேதவாக்குப் போல் திரும்பத் திரும்ப ஒலித்த கூற்றை, நிக் பிரவுன், ஆலன் சோக்கல், ஹாரிஸ் ஃபிரீட்மன் ஆகிய மூவர் ஆராய்ந்து, அந்தச் சமன்பாடுகளை இங்கே பயன்படுத்த அடிப்படையே இல்லை என்று நிறுவினர். அந்தக் கணிதப் பகுதி முறையாகத் திரும்பப் பெறப்பட்டது. இன்றும் அந்த விகிதத்தை மேற்கோள் காட்டும் ஆலோசகர் இருந்தால், அவருடைய வாசிப்பு எந்த ஆண்டோடு நின்றுவிட்டது என்பதை அதிலிருந்தே கணக்கிடலாம்.

இனித் தேடலுக்கு வரலாம். இந்தியாவில் 'கவுன்சலர்', 'லைஃப் கோச்', 'மைண்ட் டிரெய்னர்' போன்ற பெயர்களோடு இயங்கும் அனைவருக்கும் ஒரே அளவுகோல் இன்னும் நடைமுறைக்கு முழுமையாக வரவில்லை என்பதால், பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு தேடுபவரின் தலையிலேயே விழுகிறது. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மருந்து எழுதமாட்டார்; நோயை மதிப்பிடுவதும் பேச்சு வழியாகச் சிகிச்சையளிப்பதும் அவர் பணி. இன்று பணியிலிருக்கும் மருத்துவ உளவியலாளர்களில் பெரும்பாலோர் முதுகலைக்குப் பின் இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பை மருத்துவமனைப் பயிற்சியோடு முடித்து, ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாக அறியப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர்கள். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதும், கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்ப்பதும் அவமதிப்பு ஆகாது. உண்மையான தகுதியுள்ளவர் அதைச் சுவரிலோ சீட்டிலோ தாமே போட்டுவைத்திருப்பார். இவர்களுக்கு வெளியே, முதுகலை உளவியல் அல்லது சமூகப்பணி படித்து ஆலோசனைத் துறையில் நல்ல பயிற்சி பெற்ற திறமையானவர்கள் பலர் இருக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைநலப் பணியாளர் சட்டம் இத்தகைய உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவரும் நோக்கமுடையது. வேலைச் சுமை, திருமண உறவில் உரசல், துணையை இழந்த துயரம் போன்றவற்றுக்கு இவர்கள் போதுமானவர்களாக இருக்கலாம். உறக்கமும் பசியும் போய், வேலைக்குச் செல்ல முடியாமல், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டும் நிலையில் முதல் கதவு மனநல மருத்துவராகவோ மருத்துவ உளவியலாளராகவோ இருக்க வேண்டும். வாரயிறுதிப் பயிற்சியில் கிடைத்த சான்றிதழ் இந்த இடத்தில் எதற்கும் உதவாது. செலிக்மன் தம் பல்கலைக்கழகத்தில் 2005-இல் தொடங்கிய நேர்மறை உளவியல் முதுகலைப் படிப்பே கூட, முடித்தவருக்குச் சிகிச்சையளிக்கும் உரிமத்தைத் தருவதில்லை என்பது இங்கே நினைக்கத் தக்கது.

அடிப்படைத் தகுதி உறுதியான பிறகு கேட்க வேண்டிய கேள்வி, "நீங்கள் நேர்மறை உளவியலைப் பயன்படுத்துவீர்களா?" என்பதல்ல, அதற்கு எல்லாரும் ஆம் என்பார்கள். "என்னைப் போன்ற பிரச்சினையோடு வருபவரிடம் அதை எந்தக் கட்டத்தில், எதற்காகப் பயன்படுத்துவீர்கள்? யாரிடம் பயன்படுத்தமாட்டீர்கள்?" என்று கேட்டால் விடைகள் பிரியத் தொடங்கும். தேர்ந்த சிகிச்சையாளர் தம் முதன்மை முறையைச் சொல்வார்: எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் சி.பி.டி. என்ற அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையாக அது இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதனோடு பலங்களை இனங்காணும் பயிற்சியை எங்கே சேர்க்கிறார் என்று விளக்குவார். தயங்காமல் வரம்புகளையும் சொல்வார். கடும் மனச்சோர்வில் இருப்பவரிடம் நன்றிப் பட்டியல் எழுதச் சொன்னால், இவ்வளவு இருந்தும் தன்னால் மகிழ முடியவில்லையே என்ற குற்ற உணர்வு கூடும் வாய்ப்பு உண்டு. கணவரின் அடிக்கு ஆளாகிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசுவது, பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தை வீணாக்கும் ஆபத்தான செயல். இருதுருவக் கோளாறு என்ற பைபோலார் நோயில் மிகை எழுச்சிக்கு உள்ளாகும் ஒருவருக்கு உற்சாகத்தைக் கூட்டும் பயிற்சி தேவையே இல்லை. 'எல்லாருக்கும் பொருந்தும்' என்று விடை சொல்பவரிடம் கட்டணம் செலுத்தும் முன் மறுபடி யோசிப்பது நல்லது.

தமிழ்க் குடும்பத்துச் சூழலில் இந்த முறை சந்திக்கும் இடர்கள் தனியாகக் கவனிக்கத் தக்கவை. ஒருவர் மனம் உடைந்திருக்கிறார் என்று தெரிந்தவுடன் சுற்றத்தார் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: மனசைத் திடமா வச்சுக்கோ, இதையெல்லாம் பெரிசா எடுத்துக்காதே, உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர். அன்போடு சொல்லப்படும் இந்தச் சொற்களைக் கேட்டுக் கேட்டு அலுத்த பிறகுதான் அவர் சிகிச்சையாளரிடம் வருகிறார். அங்கும் அதையே கட்டணத்துக்குக் கேட்க நேர்ந்தால் மறுமுறை வரமாட்டார். துன்பத்தை முழுதாகக் கேட்டு முடிக்காமல் பலத்தைப் பற்றிப் பேசத் தொடங்குபவர், நேர்மறை உளவியலைப் பிழையாகப் புரிந்துகொண்டவர். இன்னொன்று, தன் சிறப்பைத் தானே சொல்வது தற்பெருமை என்று வளர்க்கப்பட்டவரிடம், "உங்கள் பலங்கள் என்ன?" என்று நேராகக் கேட்டால் மௌனமே விடையாகக் கிடைக்கும், அதுவும் வயதில் மூத்த பெண்களிடம். கைதேர்ந்தவர் வேறு வழியில் கேட்பார்: வீட்டில் ஒரு நெருக்கடி என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள், ஏன் அவரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால், தம்மைப் புகழாமலேயே அந்தப் பெண்மணி தம் நிதானத்தையும் பொறுப்பையும் சொல்லிவிடுவார். ஆகவே சிகிச்சையாளர் தமிழில், அதுவும் வந்தவரின் பேச்சு வழக்கில், உரையாட வல்லவரா என்பதை அவர் பட்டங்களுக்கு அடுத்தபடியாக எடைபோட வேண்டும். ஆங்கில வினாத்தாளை அப்படியே நீட்டுவதோடு பலங்களை அறியும் பணி முடிந்துவிடுவதில்லை.

முதல் மூன்று நான்கு அமர்வுகள் இருவருக்குமே சோதனைக் காலம். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் சிகிச்சை உறவை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: எதை அடையப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான நம்பிக்கை. எந்தச் சிகிச்சை முறையாயினும் இந்த உறவின் தரம் விளைவோடு தொடர்புடையது என்று பின்வந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. எனவே சில அமர்வுகளுக்குப் பிறகு, இலக்கு இன்னதென்று தெளிவாகச் சொல்ல முடிகிறதா, வீட்டில் செய்யக் கொடுத்த பயிற்சி எதற்காக என்று விளங்குகிறதா, சொல்ல வெட்கப்பட்டதைச் சொல்ல முடிகிறதா என்று வந்தவர் தம்மையே கேட்டுப் பார்க்கலாம். முன்னேற்றத்தை அளக்கவும் வழி உண்டு. பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட எளிய வினாத்தாள் மனச்சோர்வின் கடுமையை 0 முதல் 27 வரையிலான எண்ணாகக் காட்டுகிறது; தொடக்கத்திலும் சில வாரங்களுக்கு ஒருமுறையும் இதைப் போன்ற ஒன்றை நிரப்பச் சொல்லும் சிகிச்சையாளர், தம் திறமையையே அளவுக்கு உட்படுத்தத் தயங்காதவர்.

தனியார் கட்டணம் பலருக்கு எட்டாதது. ஆயினும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும், மாவட்ட மனநலத் திட்டமும், சென்னை கீழ்ப்பாக்கத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேர் கொண்ட அரசு மனநலக் காப்பகமும் இருக்கின்றன. கூட்டம் மிகுந்த அந்தப் புறநோயாளிப் பிரிவுகளில் பதினைந்து அமர்வுக் கையேட்டை எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. சரியான நோயறிதலும் மருந்தும் அங்கே கிடைத்தபின், பேச்சுச் சிகிச்சைக்கு வேறொருவரை நாடுவது செலவைக் குறைக்கும் ஏற்பாடு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். அருகில் எங்கே செல்வது என்ற வழிகாட்டுதலும் அங்கே கிடைக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தவர், தகுந்த சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும் இந்த நீண்ட வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த எண்ணையோ அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ உடனே நாட வேண்டும்.

2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையையும், தம் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையையும் அளிக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் அச்சட்டத்திலேயே உண்டு. அவை எவை என்று முதல் அமர்விலேயே விளக்குவது நல்ல சிகிச்சையாளரின் வழக்கம், குறிப்பாக அழைத்து வந்த பெற்றோர் வெளியே காத்திருக்கும்போது. ஏழெட்டு அமர்வுகள் கடந்தும் மாற்றம் தெரியவில்லை என்றால் அதை அவரிடமே நேராகச் சொல்லலாம். அதைக் கேட்டு முறையை மாற்றுபவரும், வேறொருவரைப் பரிந்துரைப்பவரும் உண்டு. நோயாளியின் முயற்சி போதவில்லை என்று பழியைத் திருப்புபவரும் உண்டு. கடைசி வகையினரிடமிருந்து விலகும்போது இதுவரையிலான மதிப்பீட்டையும் செய்த பயிற்சிகளையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டால், அடுத்த சிகிச்சையாளரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டிய அலுப்பு மிஞ்சாது.